ஏஞ்சல் மீனில் ஆண் எது, பெண் எது?

தோட்டத்து லயங்களிலும் சரி, தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய அடுக்குவீடுகளிலும் சரி, வாசல் ஓரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருப்பதைப் பார்க்கிறோம். பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கும் மீன்களில் ஏஞ்சல் மீனுக்குத் தனி இடம் உண்டு. தட்டுப் போன்ற உடல், மேலும் கீழும் நீண்ட துடுப்புகள், கறுப்புப் பட்டைகள். தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதி அதன் பூர்வீகம்.

இதை ஜோடி சேர்த்துக் குஞ்சு எடுத்தால் கைச்செலவுக்கு ஆகுமே என்று பலரும் எண்ணுவது உண்டு. நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். "இது ஆண், இது பெண்" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி ஐம்பது வெள்ளி கொடுத்து இரண்டு மீன் வாங்கி வந்தோம். இரண்டும் ஒற்றுமையாகத்தான் இருந்தன, இலையைச் சுத்தம் செய்தன, முட்டையும் இட்டன. இரண்டு நாளில் முட்டை முழுவதும் பால் போல வெளுத்துவிட்டது. மூன்று தடவை இதே கதை. தண்ணீர் சரியில்லை என்றோம், தீனி சரியில்லை என்றோம். நான்காம் தடவை தொட்டியின் எதிரே பொறுமையாக உட்கார்ந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. இரண்டுமே பெண்!

ஏன் இந்த ஏமாற்றம்? ஏஞ்சல் மீன் சிக்லிட் என்னும் பெரிய மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பம் நமக்குப் புதிதல்ல. ஜப்பானியர் காலத்தில் ஜாவாவிலிருந்து இங்கே வந்து, பழைய ஈயலம்பக் குட்டைகளில் பெருகிய திலாப்பியாவும் சிக்லிட்தான். கேரளத்தார் விரும்பி உண்ணும் கரிமீனும் அதே குடும்பம். திலாப்பியாவில் ஆண் பெண் கண்டுபிடிப்பது எளிது. வளர்ந்த மீனைத் திருப்பிப் பிடித்து அடிவயிற்றைப் பார்த்தால் ஆணுக்கு இரண்டு துவாரம், பெண்ணுக்கு மூன்று. மேனியில் வரிவரியாக இருக்கும் கான்விக்ட் என்ற சிறிய சிக்லிட்டில் பெண்ணின் வயிற்றில் ஆரஞ்சு நிறம் தெரியும். ஏஞ்சல் மீனில் இப்படிப்பட்ட அடையாளம் எதுவும் இல்லை. நெற்றி புடைத்திருந்தால் ஆண் என்பார்கள். வயதான பெண்ணுக்கும் நெற்றி புடைப்பதுண்டு. அதை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

நம்பத்தக்க அடையாளம் ஒன்றுதான். முட்டையிடும் நேரம் நெருங்கும்போது, அடிவயிற்றில் பின்துடுப்புக்கு முன்னால் சிறு குழல் ஒன்று வெளியே நீளும். ஆணின் குழல் மெல்லியதாக, கூர்மையாக இருக்கும். பெண்ணின் குழல் தடித்து, முனை மழுங்கியிருக்கும். பென்சிலின் கூர்முனையையும் அடிப்பக்கத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் இது கண்ணுக்குத் தெரியாது. முட்டையிடும்போது பார்த்தால் இன்னும் தெளிவு. பெண் இலையின்மேல் உரசிக்கொண்டே போய் வரிசையாக முட்டைகளை ஒட்டும். ஆண் அதே தடத்தில் பின்னால் போகும். அது போன இடத்தில் புது முட்டை இருக்காது. இரண்டும் முட்டை ஒட்டினால், எங்கள் வீட்டுக் கதைதான்.

ஆகவே ஜோடி என்று விற்பதை வாங்குவதைவிட, குஞ்சாக ஆறு மீன் வாங்கி ஒன்றாக வளர்ப்பதே மேல். செலவும் குறைவு. ஆறும் ஒரே பாலாக அமைவது மிக அரிது. மூன்றடித் தொட்டி இருந்தால் நல்லது. எட்டு, பத்து மாதத்தில் பருவம் வந்துவிடும். அப்போது இரண்டு மீன் மட்டும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். அவைதான் தாமாகச் சேர்ந்த ஜோடி. மற்ற நான்கையும் உடனே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் துடுப்பு கிழிந்து ஒன்றிரண்டு செத்துப்போகும். நாமாகப் பிடித்து ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஒன்றாக விட்டால் சேரும் என்பது நிச்சயமில்லை. சில நேரம் ஒன்று மற்றதைக் கடித்தே கொன்றுவிடும். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்துச் சில நாள் பார்க்கவிட்டுப் பிறகு தடுப்பை எடுப்பது நல்லது.

குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றவேண்டும். முட்டையிட அகன்ற இலையோ, சாய்த்து வைத்த ஓட்டுத்துண்டோ போதும். நம் நாட்டு வெப்பத்தில் இரண்டு, மூன்று நாளில் முட்டை பொரியும். பிறகு ஐந்து நாள் அளவில் குஞ்சுகள் நீந்தும். அதன்பின் உப்புநீர் இறால்குஞ்சு கொடுக்கவேண்டும். கடையில் அதன் முட்டை டின்னில் கிடைக்கும். உப்புத் தண்ணீரில் காற்று விட்டால் ஒரு நாளில் பொரிந்துவிடும். பெரிய மீனுக்குக் கொசுப்புழு நல்ல தீனிதான். ஆனால் அதற்காக வீட்டுப் பின்புறம் டின்னில் தண்ணீர் தேக்கி வைக்காதீர்கள். டெங்கிக் காய்ச்சல் ஒரு புறம். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும் ஆகும்.

முதல் இரண்டு, மூன்று ஈட்டு முட்டையைப் பெற்ற மீன்களே தின்றுவிடலாம். அதைப் பார்த்து ஜோடியைப் பிரிக்கவேண்டாம். பழகப் பழகப் பல ஜோடிகள் நன்றாகக் காவல் காக்கும். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் தொட்டி இருந்தால் அட்டையால் மூன்று பக்கம் மறைத்து வையுங்கள். பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுதான் கஷ்டமான வேலை!

ஓர் ஈட்டில் நூற்றுக்கணக்கில் குஞ்சு வரும். எல்லாவற்றையும் வளர்க்க நம்மிடம் இடம் இருக்காது. எத்தனை எடுத்துக்கொள்வார்கள், எந்த அளவு வளர்ந்திருக்கவேண்டும் என்று கடைக்காரரிடம் முன்னதாகவே கேட்டு வையுங்கள். மிஞ்சியதை ஆற்றிலோ வாய்க்காலிலோ விட்டுவிடக் கூடாது. அந்நிய மீன்களால் நம் ஆற்று மீன்கள் படும் பாடு போதும்.

எங்கள் இரண்டு பெண் மீன்களையும் நாங்கள் விற்கவில்லை. பிறகு வாங்கிய ஆறு குஞ்சுகளில் வளர்ந்த ஓர் ஆணுடன் அவற்றில் ஒன்று சேர்ந்தது. மற்றது இன்னும் தனியாகத்தான் இருக்கிறது. மாதம் ஒரு முறை இலையைச் சுத்தம் செய்து முட்டையிடுகிறது.