ஐந்து தொட்டி போதும்! வெயிலிலும் வீடு மணக்கும்

சித்திரை பிறந்தால் வெயில் ஏறும். வைகாசியில் அது உச்சத்துக்குப் போகும். மே மாதம் 4-ந் தேதி வாக்கில் கத்திரி தொடங்கி, மாதக் கடைசி வரை வாட்டி எடுக்கும். தெருவில் செருப்பு இல்லாமல் நடக்க முடியாது. மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது.

இந்த இரண்டு மாதங்களுக்கும் தமிழர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? இளவேனில்! அதாவது வசந்த காலம்.

வெயில் கொளுத்தும் மாதங்களுக்கு இவ்வளவு இனிமையான பெயரா? பூக்கடைக்குப் போய்ப் பார்த்தால் காரணம் புரியும். மார்கழியில் குதிரைக் கொம்பாக இருந்த மல்லிகை, சித்திரையில் கூடை கூடையாக வந்து இறங்கும். வேப்ப மரம் பூவை உதிர்த்துத் தரையை மூடும். சரக்கொன்றை பொன் மாலைகளைத் தொங்க விடும். மனிதர்கள் வாடும் வெயிலில்தான் இவை மலர்கின்றன.

அந்த வசந்தத்தை வீட்டு வாசலுக்கும் அழைத்து வரலாம். அதற்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம். தோட்டக்காரர் வேண்டாம். வெயில் படுகிற ஒரு மூலையும், ஐந்து மண் தொட்டிகளும் போதும்.

பூவுக்கா தண்ணீர்?

"குடிக்கவே தண்ணீர் இல்லை. இதில் பூச்செடிக்கு எங்கே போவது?"

கோடையில் பூச்செடி பற்றிப் பேசினால், பல வீடுகளில் இந்தக் கேள்விதான் முதலில் எழும். நியாயமான கேள்வி. 2019-ம் ஆண்டு கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வற்றிப் போயின. மக்கள் வண்ண வண்ணக் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். அப்படிப்பட்ட நாளில் குழாயைத் திறந்து செடிக்கு விட யாருக்கு மனம் வரும்?

ஆனால் எல்லா வீட்டிலும் ஒரு தண்ணீர் வீணாகப் போய்க் கொண்டு இருக்கிறது. அரிசி களைந்த நீர். கீரையும் காய்கறியும் அலசிய நீர். இவை அப்படியே சாக்கடைக்குப் போகின்றன. அடுப்பங்கரையில் ஒரு வாளி வைத்து, இந்த நீரைப் பிடித்துப் பாருங்கள். நாலு பேர் உள்ள குடும்பத்தில் சாயங்காலத்துக்குள் வாளி கணிசமாக நிறைந்து விடும்.

ஐந்து தொட்டிகளுக்குக் கோடையில் ஒரு நாளைக்குத் தேவையான நீர் ஒரு குடத்துக்குள் அடங்கும். கழுவிய நீரே பெரும்பாலும் போதும். போதவில்லை என்றால், தொட்டியைக் குறைத்துக் கொள்ள வேண்டும். வாளி எவ்வளவோ, தோட்டம் அவ்வளவு. இதுதான் கோடைத் தோட்டத்தின் முதல் கணக்கு.

எல்லா நீரும் செடிக்கு ஆகாது. சோப்பு கலந்த நீர் கூடாது. உப்புப் போட்டு வேக வைத்த நீர் கூடாது. குடிநீரைச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் நீரில் உப்பு அதிகம். அதைத் தினமும் ஊற்றினால் மண்ணில் உப்புப் படியும். அந்த நீரில் வீடு துடைக்கலாம். ஏ.சி. எந்திரத்தில் இருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை. அதைத் தாராளமாக ஊற்றலாம்.

பூக்களின் கடிகாரம்

ஐந்து தொட்டியிலும் ஒரே செடியை வைத்தால், பூக்கும் நேரத்தில் மட்டும்தான் மகிழ்ச்சி. ஐந்தும் ஐந்து விதமாக இருந்தால், விடிந்தது முதல் படுக்கப் போகும் வரை ஏதாவது ஒரு பூ மலர்ந்து கொண்டே இருக்கும்.

காலையில் செம்பருத்தி. படுக்கையை விட்டு எழுந்து வரும்போது, சிவப்பாக மலர்ந்து நிற்கும். இதன் ஆயுள் பெரும்பாலும் ஒரே நாள்தான். சாயங்காலம் சுருண்டு விடும். ஆனால் மறுநாள் வேறு மொட்டு காத்திருக்கும். செடியில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாகத் தெரிந்தால், அது மாவுப்பூச்சி. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து நீரில் கழுவி விட வேண்டும். மிஞ்சியதற்கு வேப்பெண்ணெய் போதும். ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும், சில சொட்டுச் சோப்புக் கரைசலும் விட்டு நன்றாகக் கலக்கி, சாயங்காலத்தில் தெளிக்க வேண்டும்.

வெயில் ஏறியதும் பத்து மணிப் பூ. டேபிள் ரோஸ் என்றும் இதைச் சொல்வார்கள். வெயில் சுள் என்று அடித்தால்தான் இதழ் விரிக்கும். வானம் மூடி இருந்தால் திறக்கவே திறக்காது. இதன் தண்டும் இலையும் சதைப்பற்று உள்ளவை. அதில் நீரைச் சேமித்து வைத்துக் கொள்ளும். அதனால் ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் கோபித்துக் கொள்ளாது. ஒரு கிளையை ஒடித்து மண்ணில் குத்தினாலே வேர் பிடித்து விடும்.

பகல் முழுவதும் நித்தியகல்யாணி. பெயருக்கு ஏற்றபடி ஆண்டு முழுவதும் பூக்கும். மடகாஸ்கர் தீவில் பிறந்த செடி இது. சுடுகாட்டுப் பூ என்று சிலர் இதை ஒதுக்குவது உண்டு. ஆனால் உயிர் காக்கும் செடி இது! 1958-ம் ஆண்டில் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதில் இருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார்கள். பின்னர் வின்கிரிஸ்டின் என்ற மருந்தும் கிடைத்தது. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இன்றும் அது கொடுக்கப்படுகிறது. அதற்காக இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடித்து விடக் கூடாது. செடி விஷம் உள்ளது. மருந்தின் அளவு டாக்டருக்குத்தான் தெரியும்.

வெயில் தாழ்ந்ததும் அந்திமந்தாரை. மாலை நாலு, ஐந்து மணிக்கு மேல் விரியத் தொடங்கும். மறுநாள் காலையில் மூடிக் கொள்ளும். ஒரே செடியில் இரண்டு நிறப் பூக்கள் வருவதும் உண்டு. பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. இன்று எத்தனை மணிக்கு மலர்ந்தது, நேற்று எத்தனை மணிக்கு மலர்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லலாம். எழுத்தும் பழகும், கணக்கும் பழகும்.

இரவில் மல்லிகை. ஐந்து தொட்டிகளுக்கும் அதுதான் ராணி!

மல்லிகை ரகசியம்

மதுரை மல்லிக்கு 2013-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குண்டு மல்லியைத் தொட்டியிலும் வளர்க்கலாம். குறைந்தது ஐந்து, ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் இலை தழைக்கும், பூ வராது.

"செடி நன்றாகத்தான் இருக்கிறது. பூக்கத்தான் மாட்டேன் என்கிறது" என்று சிலர் குறைப்படுவார்கள். கத்தரிக்கோலை எடுக்காததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். மல்லிகை புதிதாகத் துளிர்க்கும் கிளையில்தான் மொட்டு விடும். பழைய கிளையை அப்படியே விட்டு வைத்தால் பூ குறையும்.

குண்டு மல்லி பயிரிடும் விவசாயிகள் நவம்பர் மாதக் கடைசியில் செடியைத் தரையில் இருந்து அரை மீட்டர் உயரத்துக்கு வெட்டி விடுவார்கள். அதற்குப் பலன் பங்குனி, சித்திரையில் தெரியும். வீட்டிலும் அதையே செய்யலாம். இப்போது செடி பூத்து ஓய்ந்து நிற்கிறதா? பூத்து முடிந்த கிளைகளின் நுனியை மட்டும் கிள்ளி விட வேண்டும். புதுத் துளிரும், அதில் புது மொட்டும் வரும்.

மொட்டில் சிறு துளை தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். அந்த மொட்டுகளைப் பறித்து அழித்து விட வேண்டும். செடியிலேயே விட்டால் மற்ற மொட்டுகளும் கெடும்.

பறிப்பதற்கும் நேரம் உண்டு. மொட்டு பருத்து, பால் போல வெளுத்திருக்கும்போது, மலரும் முன்பே பறித்துத் தொடுக்க வேண்டும். சாயங்காலம் தொடுத்த சரம், இரவில் தலையிலேயே மலரும். நாலு விரல் நீளச் சரம்தான் கிடைத்தது என்றாலும், அது கடையில் வாங்கிய முழத்தை விட மணக்கும். தன் வீட்டுப் பூ அல்லவா?

வெயிலில் காப்பது எப்படி?

தொட்டி மண்ணாக இருப்பது நல்லது. மண் தொட்டியின் பக்கங்களில் நீர் கசிந்து ஆவியாகும். பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல வேரும் குளிர்ச்சியாக இருக்கும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய சாணி உரம் கலந்து நிரப்பலாம். அடியில் துளை கட்டாயம் வேண்டும்.

தண்ணீரை வெயில் ஏறும் முன்பும், வெயில் தாழ்ந்த பின்பும் ஊற்ற வேண்டும். உச்சி வேளையில் ஊற்றினால் பாதி நீர் ஆவியாகி விடும். ஊற்றும் முன்பு மண்ணில் ஒரு விரலை விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் வேண்டாம். வேர் அழுகிச் செத்த செடிகளும் எத்தனையோ உண்டு.

மண்ணின் மேல் தேங்காய் நாரோ, காய்ந்த சருகோ பரப்பி வைத்தால் ஈரம் சீக்கிரம் போகாது. கத்திரி நாட்களில் உச்சி வேளைக்கு மட்டும் ஒரு பழைய வேட்டியைப் பந்தல் போலக் கட்டி விடலாம். பத்து மணிப் பூவுக்கு அதுவும் வேண்டாம்.

கத்திரி வெயிலில் புதுச்செடி வாங்கி நடுவது நல்லது அல்ல. வேர் பிடிக்கும் முன்பே வாடி விடும். சாமந்தி வாங்கி வைத்து, பூக்கவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். இரவு நீளும் குளிர் காலம்தான் அதற்குப் பூக்கும் காலம்.

தட்டில் இருக்கிறது ஆபத்து!

தரை அழுக்காகாமல் இருக்கத் தொட்டியின் அடியில் தட்டு வைப்பார்கள். அதில் தேங்கும் தெளிந்த நீரில்தான் டெங்கு கொசு முட்டை இடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகி விடும். பூவுக்கு ஆசைப்பட்டுக் காய்ச்சலை வாங்கலாமா?

தட்டு வேண்டாம். இரண்டு செங்கல் மேல் தொட்டியை வைத்து விடலாம். தட்டுத்தான் வேண்டும் என்றால், வாரம் ஒரு முறையாவது நீரைக் கொட்டி, ஓரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக் கொண்டு, நீர் வற்றினாலும் பல மாதம் உயிரோடு கிடக்கும். மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். கழுவிய நீரைப் பிடித்து வைக்கும் வாளியையும் அன்றன்றே காலி செய்து விட வேண்டும்.

சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் ஒரு எச்சரிக்கை. அரளிப் பூ அழகுதான். ஆனால் இலை, பூ, விதை எல்லாமே விஷம். வீட்டுத் தொட்டியில் அது வேண்டாம். அந்திமந்தாரை விதை பார்ப்பதற்கு மிளகு போலவே இருக்கும். அதுவும் வாயில் வைக்கக் கூடாதது. குழந்தை எடுத்துத் தின்னும் முன்பே பொறுக்கி எடுத்து விட வேண்டும்.

அடுத்த வீட்டுக்கு ஒரு செடி

கத்திரி கழியும். வெப்பம் தணிந்து மழை விழத் தொடங்கியதும், மல்லிகையின் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, பக்கத்தில் வைத்த ஒரு சிறு தொட்டியின் மண்ணில் புதைத்து வைக்கலாம். புதைக்கும் இடத்தில் பட்டையை லேசாகக் கீறி விட வேண்டும். நுனி மட்டும் வெளியே தெரிய வேண்டும். மண் காயாமல் பார்த்துக் கொண்டால், மூன்று மாதம் போல ஆனதும் வேர் பிடித்து விடும். இதற்குத்தான் பதியன் போடுவது என்று பெயர். பிறகு தாய்ச் செடியில் இருந்து வெட்டி எடுத்தால், புதிய மல்லிகை தயார்!

அதை ஆறாவது தொட்டியாக வைத்துக் கொள்ளலாம். ஆனால் வாளியில் உள்ள நீர் ஐந்து தொட்டிக்குத்தானே போதும்? அப்படியானால் அடுத்த வீட்டுக்குக் கொடுத்து விடலாம். அங்கேயும் அரிசி களைகிறார்கள். அங்கேயும் ஒரு வாளி இருக்கும்.