பத்தால் வகுக்கக் கொஞ்சம் கொசுறு

‘பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகள், ஓர் எண்ணைப் பத்தால் வகுக்கும் நாலு வரி புரோகிராமை சி மொழியில் எழுதினாள். கம்பைலர் அதை என்னவாக மாற்றியிருக்கிறது என்று அசெம்ப்ளியைத் திறந்து பார்த்தால், வகுத்தல் கட்டளையையே காணோம். அந்த இடத்தில் 3435973837 என்று போன் நம்பர் மாதிரி ஏதோ நிற்கிறது. லேப்டாப்பில் வைரஸ் புகுந்துவிட்டதா?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார் ஒரு வாசகர்.

வைரஸ் இல்லை. போன் நம்பரும் இல்லை. நம் ஊர் மொபைல் எண்கள் மூன்றில் தொடங்குவதில்லை. ஆனால் இந்தக் கடிதம் எனக்குப் பெரிய சந்தோஷத்தைக் கொடுத்தது. இனி புரோகிராம் எழுதவே வேண்டாம், செயற்கை நுண்ணறிவிடம் வாயால் சொன்னால் போதும் என்று வாரம் ஓர் அறிவிப்பு வருகிற காலத்தில், ஒரு பெண் மூடியைத் திறந்து குழம்பு எப்படிக் கொதிக்கிறது என்று எட்டிப் பார்த்திருக்கிறாள்.

மூடியைத் திறப்பது சிரமமில்லை. ஜிசிசி கம்பைலரை அழைக்கும்போது ஒரு சிறு கோடும் பெரிய எழுத்து ‘எஸ்’ஸும் சேர்த்தால் போதும். ஓடத் தயாரான கோப்பைத் தராமல், பாதி வழியில் நின்று, சிப்புக்கான கட்டளைகளை வரிவரியாகக் காட்டும் அசெம்ப்ளியை எழுதிக் கொடுத்துவிடும். அதில் பாதி வரிகள் பயமுறுத்துவதற்கென்றே இருப்பவை. நமக்கு வேண்டியது சில வரிகள்தான்: அந்த விசித்திர எண்ணை ஒரு ரிஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சின்னப் பெட்டி) வை, நம் எண்ணோடு பெருக்கு, விடையை 35 பிட் வலப்பக்கம் தள்ளு. சில சமயம் 32, பிறகு 3 என்று இரண்டு தவணையாகவும் தள்ளும். வகுத்தல் முடிந்தது. (மகள் குறியில்லாத 32 பிட் எண்ணாக அறிவித்திருக்கிறாள் என்று இதிலிருந்தே தெரிகிறது. குறியுள்ள எண்ணாக இருந்தால் 1717986919 வந்திருக்கும்.)

ஏன் நேராக வகுக்கக் கூடாது? சிப்புக்கு வகுத்தல் என்றால் நம்மைப் போலவே அலுப்பு. பெருக்கலில் எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டுக் கடைசியில் கூட்டலாம்; ஆளுக்கு ஒரு வரி என்று பிரித்துக்கொள்ளலாம். வகுத்தலிலோ முந்தைய இலக்கம் தெரியாமல் அடுத்த இலக்கத்தைத் தொட முடியாது. ஒரே ஆள், ஒரே வரிசை. 2015-இல் வந்த இன்டெல் ஸ்கைலேக் சிப்பில் பெருக்கலுக்கு 3, 4 கடிகாரத் துடிப்பு ஆகும் என்றால் 32 பிட் வகுத்தலுக்குச் சுமார் 25 ஆகும். திரையில் தெரியும் ஓர் எண், மின் கட்டணமோ ரயில் எண்ணோ, பெரும்பாலும் உள்ளே இரும எண்ணாகக் கிடந்து, பத்தால் மறுபடி மறுபடி வகுக்கப்பட்டுத்தான் நம் இலக்கங்களாக வெளியே வருகிறது. ஆகவே பத்தால் வகுப்பதை மலிவாக்குவது சில்லறை விஷயமில்லை.

இப்போது அந்த எண்ணைப் பாருங்கள். இரண்டை 35 முறை பெருக்கினால் 34359738368. இதில் பத்தில் ஒரு பங்கு 3435973836.8. அதை மேல்நோக்கி முழுமையாக்கினால் நம் போன் நம்பர் வந்துவிட்டது! இந்த எண்ணால் பெருக்கிவிட்டு, இரண்டின் 35ஆம் அடுக்கால் வகுத்தால் பத்தால் வகுத்தது போலத்தான். அந்த இரண்டாவது வகுத்தலுக்குக் கூலி கிடையாது. பத்தால் வகுக்க நாம் கடைசி இலக்கத்தை அழிப்பது போல, சிப் கடைசி 35 பிட்டை உதறிவிடுகிறது.

இதை நெல் அளந்து பார்த்தால்தான் ருசி. பழைய தமிழ்க் கணக்கில் பத்தில் ஒன்றுக்குப் பெயரே உண்டு: இருமா. கணினிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் கடையில் இருப்பதெல்லாம் பாதி பாதியாகக் குறையும் அளவைகள் மட்டுமே. நம் நாழியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு என்பது போல. இந்தக் கடைக்காரரிடம் ‘நாழியில் பத்தில் ஒரு பங்கு கொடுங்கள்’ என்று கேளுங்கள். ஆழாக்கு என்பது எட்டில் ஒன்று, கூடிவிடும். அரை ஆழாக்கு போடுவார், கால் ஆழாக்கு போடுவார்: வீசமும் அரை வீசமும். மொத்தம் 0.09375 நாழி. அடுத்த இரண்டு அளவைகளை எடுத்தால் கூடிவிடும், விட்டுவிடுவார். அதற்கடுத்த இரண்டைப் போடுவார். இரண்டு போடு, இரண்டு விடு, இரண்டு போடு, இரண்டு விடு. இருமத்தில் எழுதினால் 1100 1100 1100 என்று முடிவில்லாமல் போகும். 32 பிட்டில் எட்டு முறைதான் இடம். எட்டாவது முறை மட்டும் 1100-க்குப் பதில் 1101 என்று ஒன்றைக் கூடப் போட்டு மூட்டையைக் கட்டிவிடுகிறார்.

அதுதான் கொசுறு. அது எவ்வளவு சிறியது? பழைய வாய்ப்பாட்டில் ஒரு நாழிக்கு 14,400 நெல். ஒரு நெல்மணியை 23 லட்சத்துச் சொச்சம் துண்டாக்கி, ஒரு துண்டில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்தால், இருமாவுக்கு மேல் கடைக்காரர் கொடுத்தது அவ்வளவே. (இதற்கு மேல் இந்தக் கடையில் நின்றால் நெல் உமியாகிவிடும் என்பதால் வெளியே வந்துவிடுகிறேன்.)

இந்தக் கொசுறு இல்லாவிட்டால் கணக்கே கெட்டுவிடும். கீழ்நோக்கி முழுமையாக்கி 3435973836 என்று வைத்திருந்தால், பத்தை வகுக்கும்போது 34359738360 வரும். வேண்டியதற்கு எட்டு குறைவு. 35 பிட்டை உதறினால் மிச்சம் பூஜ்யம். பத்தைப் பத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று சொல்லும் கணினியை யார் வாங்குவார்கள்? மேல்நோக்கிப் போனால் பிழை எதிர்ப்பக்கம் சேரும். 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணான 4294967295-க்கும் அது 0.025-ஐத் தாண்டாது. ஒன்பது மீதி வரும் எண்ணில் பின்னம் 0.9-இல் நிற்கும், அடுத்த முழு எண்ணுக்குத் தாவ இன்னும் 0.1 வேண்டும். 0.025-ஆல் தாவ முடியாது. ஆகவே 429 கோடிச் சொச்சம் எண்களில் ஒன்றுகூடத் தப்பாது. ஓடவிட்டுச் சோதித்துச் சொன்னதில்லை, நிரூபணம்.

வரலாறு வேண்டுமா? சுருக்கமாக: கிரேஸ் ஹாப்பர் 1952-இல் செய்த ஏ-0 தான் முதல் கம்பைலர் என்பார்கள், அது கம்பைலரே இல்லை என்று சண்டை போடுபவர்களும் உண்டு. 1957-இல் ஐபிஎம் 704 இயந்திரத்துக்கு ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரானைக் கொண்டுவந்தபோது, கையால் எழுதுவதற்கு நிகராக எந்த மொழிபெயர்ப்பு யந்திரமும் எழுதாது என்று பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். நம் கொசுறுக் கணக்கை முறையான நிரூபணத்தோடு கம்பைலர்களுக்குத் தந்தது டார்பியோர்ன் கிரான்லுண்ட், பீட்டர் மான்ட்கோமரி இருவரும் 1994-இல் எழுதிய கட்டுரை. 2012-இல் மேட் காட்போல்ட் ‘கம்பைலர் எக்ஸ்ப்ளோரர்’ என்ற கருவியைச் செய்தார். இடப்பக்கம் புரோகிராம், வலப்பக்கம் அசெம்ப்ளி, எந்த வரிக்கு எது என்று வண்ணம் போட்டுக் காட்டும். மகளுக்குக் கட்டளை தட்டச் சோம்பலாக இருந்தால் அதிலும் பார்க்கலாம்.

இதைப் பார்த்ததும் ‘கம்பைலர் மனிதனைவிடப் புத்திசாலி’ என்று வசனம் பேசக் கிளம்புகிறவர்கள் உண்டு. கணிதம் தெரிந்த இருவர் போட்ட கணக்கு அதற்குள் உறைந்து கிடக்கிறது, அவ்வளவே. வகுக்கும் எண் 10 என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் வித்தை பலிக்கும். அந்த எண்ணை விசைப்பலகையில் தட்டச் சொன்னால் கம்பைலர் கையை விரித்துவிட்டு வகுத்தல் கட்டளையையே எழுதும். 2019-க்குப் பின் வந்த இன்டெல் சிப்புகளில் வகுத்தலே ஏறக்குறைய பாதி நேரத்தில் முடிகிறது. வித்தையின் லாபமும் அந்த அளவு சுருங்கிவிட்டது. அசெம்ப்ளி வரிகளை எண்ணி, ‘பார், மூன்றே வரி’ என்று வேகத்தை அளப்பவர்களையும் நம்ப வேண்டாம். மெயின் மெமரியிலிருந்து ஓர் எண் வந்து சேர நூற்றுக்கணக்கான துடிப்பு ஆகலாம். அந்தக் காத்திருப்பு எந்த வரியிலும் எழுதியிருக்காது.

எட்டிப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு, கொஞ்சம் கவலை தருவது. கடவுச்சொல்லைப் பயன்படுத்தி முடித்ததும் அந்த இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பி அழிக்கும் வரியைப் பொறுப்பாக எழுதுவோம். ‘இதற்குப் பிறகு இந்த இடத்தை யாரும் படிக்கப் போவதில்லையே, எழுதுவானேன்?’ என்று கம்பைலர் அந்த வரியையே தூக்கிவிடக்கூடும். மொழியின் விதிப்படி அது சரி. கடவுச்சொல் மட்டும் மெமரியில் அப்படியே கிடக்கும். சி புரோகிராமை எத்தனை முறை படித்தாலும் இது தெரியாது.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். மகளிடம் 10-ஐ எடுத்துவிட்டு 7 போடச் சொல்லுங்கள். ஏழு அடங்காத பிள்ளை. அதற்கு வேண்டிய பெருக்கும் எண் 4908534053. 32 பிட்டில் கொள்ளாது. கம்பைலர் அதிலிருந்து இரண்டின் 32ஆம் அடுக்கை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சமுள்ள 613566757-ஆல் மட்டும் பெருக்கும். எடுத்து வைத்ததை ஈடுகட்ட ஒரு கழித்தல், ஒரு பாதியாக்கல், ஒரு கூட்டல் என்று புதிதாக மூன்று வரி முளைக்கும். நேராகக் கூட்டினால் என்ன, நடுவில் எதற்குக் கழித்துப் பாதியாக்க வேண்டும் என்று அவள் கேட்பாள். நேராகக் கூட்டினால் சில எண்களுக்கு 32 பிட்டைத் தாண்டி நாழி வழிந்துவிடும்.