பொம்மை ரெயிலுக்கு வண்ணம் பூச எந்தக் காற்றுத் தூரிகை வாங்கலாம்?

குழல் மலிவாக இருக்கலாம். காற்று மட்டும் சரியாக இருக்க வேண்டும்!

வடுகபட்டிக்குப் பூண்டு வாங்க வருகிறவர்களைப் பாருங்கள்.

பெரியகுளத்துக்குப் பக்கத்தில் உள்ள இந்த ஊர், பூண்டுச் சந்தைக்குப் பேர்போனது. கொடைக்கானல் மலையில் விளையும் பூண்டு இங்கே விலைக்கு வருகிறது.

வாங்க வருகிறவர் மூட்டையின் வாயைப் பார்த்து விலை பேசுவதில்லை. ஒரு பூண்டை எடுத்து அமுக்கிப் பார்க்கிறார். கெட்டியாக இருக்கிறதா, பல் வற்றிவிட்டதா என்று பார்க்கிறார். பிறகுதான் பேரம்!

ஆனால், தொட்டுப் பார்க்க வழி இல்லாமல், படத்தைப் பார்த்தே பணம் கட்டி, பார்சலில் வரவழைக்கும் பொருளை எப்படி வாங்குவது?

அப்படி ஒரு பொருள்தான் "ஏர் பிரஷ்". காற்றுத் தூரிகை என்று சொல்லலாம். பேனா போல் கையில் பிடித்து, காற்றால் வண்ணம் தெளிக்கும் சின்னக் குழல் அது.

ரெயில், விமானம், கப்பல் ஆகியவற்றை அளவு பிசகாமல் சிறிதாகச் செய்து பார்க்கும் பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள். அப்பா அம்மாவுக்கு அது என்ன என்றே தெரியாது. தவறான சாமானை வாங்கினால் பணம் வீண். "எனக்கு இது வராது" என்று பிள்ளையும் மூலையில் போட்டுவிடும்.

ஆகவே, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து இதைப் படியுங்கள்.

சாதாரணத் தூரிகை போதாதா?

போடி ரெயிலை எடுத்துக்கொள்வோம். மதுரையில் இருந்து போடிக்கு 1928-ல் ரெயில் வந்தது. மீட்டர் கேஜ் வண்டி 2010-ன் கடைசியில் நின்றது. பிறகு அகலப் பாதை போட்டார்கள். 2022-ல் தேனிக்கும், 2023-ல் போடிக்கும் மறுபடி ரெயில் வந்தது.

ஒரு பையன் ரெயில் பெட்டி ஒன்றைச் சிறிதாகச் செய்கிறான் என்று வையுங்கள். சென்னை பெரம்பூர் தொழிற்சாலை 1955-ல் தொடங்கியது. அங்கே செய்த நீலப் பெட்டிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அகலப் பாதைப் பெட்டியின் நீளம் சுமார் 21 மீட்டர்.

பொம்மை ரெயில் செய்பவர்கள் உலகமெங்கும் கையாளும் ஓர் அளவு, 87-ல் ஒரு பங்கு. அந்த அளவில் பெட்டியின் நீளம் 24 சென்டிமீட்டர். ஒரு சாண்தான்!

இந்தப் பெட்டியில் தூரிகையால் பூசிய வண்ணம் 0.2 மில்லிமீட்டர் கனம் இருந்தால் என்ன ஆகும்? 87-ஆல் பெருக்குங்கள். நிஜப் பெட்டியின்மேல் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் கனத்துக்கு வண்ணத்தை அப்பியதற்குச் சமம்! சன்னல் விளிம்பும் ஆணித் தலையும் மறைந்துவிடும்.

காற்றுத் தூரிகை வண்ணத்தைப் பனி போலத் தூவுகிறது. படலம் மெல்லியதாக விழுகிறது. தூரிகையின் கோடும் தெரியாது.

ஒன்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு பொம்மைகளைத் தூரிகையாலேயே பூசட்டும். பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் காற்றுத் தூரிகை வாங்கலாம்.

எப்படி வேலை செய்கிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்து அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மருந்து பொடிப்பொடித் துளியாகப் பறக்கிறது அல்லவா? இதுவும் தெளிப்புதான். ஆனால், அங்கே மருந்தையே அழுத்தித் தள்ளுகிறோம். இங்கே காற்று வேகமாக ஓடுகிறது. அது ஓடும் வேகத்தில் குழலின் நுனியில் அழுத்தம் குறைகிறது. வண்ணம் உறிஞ்சப்பட்டு, தூளாகச் சிதறி வெளியே வருகிறது.

குழலுக்குள் ஓர் ஊசி இருக்கிறது. ஊசியைப் பின்னால் இழுத்தால் வண்ணம் அதிகம் வரும். முன்னால் விட்டால் குறையும்.

இது புதிய சாமான் அல்ல. அமெரிக்காவில் அப்னர் பீலர் என்பவர் 1879-லேயே இப்படி ஒரு கருவியைச் செய்தார். சார்லஸ் பர்டிக் என்பவர் 1893-ல் இன்றைய கருவிக்கு முன்னோடியைச் செய்தார். காலண்டர் படங்களால் புகழ் பெற்ற மராட்டிய ஓவியர் ரகுவீர் முல்காவ்கர் வண்ணம் தெளிப்பதில் கைதேர்ந்தவர்.

எந்தக் குழல்?

கார், பீரோ ஆகியவற்றுக்குப் பெயிண்ட் அடிக்கும் "ஸ்பிரே கன்" வேறு, இது வேறு. அந்தக் கன்னின் துளை 1.3, 1.4 மில்லிமீட்டர் இருக்கும். பெரிய பிள்ளையார் சிலைக்கு அது சரி. சாண் நீள ரெயிலுக்குக் கூடாது.

வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

ஒன்று: துளை 0.3 மில்லிமீட்டர் இருக்கட்டும். 0.2 வாங்கினால் புதியவர் கையில் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். 0.5 வாங்கினால் மெல்லிய கோடு வராது.

இரண்டு: வண்ணக் கிண்ணம் குழலின் மேலே இருக்கட்டும். வண்ணம் தானாக இறங்கும். குறைந்த காற்றே போதும். சில சொட்டு வண்ணத்திலும் வேலை நடக்கும். கீழே புட்டி தொங்கும் வகை, ஒரே வண்ணத்தை நிறைய அடிப்பவருக்கு ஏற்றது.

மூன்று: "டபுள் ஆக்‌ஷன்" விசை இருக்கட்டும். விசையை அமுக்கினால் காற்று வரும். பின்னால் இழுத்தால் வண்ணம் வரும். பழக ஒரு வாரம் ஆகலாம். பழகிவிட்டால், கோடு மெலிவதும் தடிப்பதும் விரல் சொன்னபடி நடக்கும்.

இந்த மூன்றும் உள்ள குழல் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயிலேயே கிடைக்கிறது. தொடங்குகிறவருக்கு அது போதும்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஊசியும் நுனி மூக்கும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று கேளுங்கள். கெடுவது அவைதான். அவை கிடைக்காவிட்டால், மலிவுக் குழல் ஒரே மாதத்தில் குப்பைக்குப் போகும்.

பணத்தை எங்கே போடுவது?

பலர் செய்யும் தவறு இங்கேதான். விலை உயர்ந்த குழலை வாங்கிவிட்டு, காற்றுக்கு ஏதோ ஒரு யந்திரத்தை மாட்டுகிறார்கள். காற்று விட்டுவிட்டு வந்தால் வண்ணமும் விட்டுவிட்டு விழும். பத்தாயிரம் ரூபாய்க் குழலானாலும் அதுதான் கதி!

கையில் நூறு ரூபாய் இருந்தால், இருபதைக் குழலுக்கு ஒதுக்குங்கள். அறுபதைக் காற்று யந்திரத்துக்கு ஒதுக்குங்கள். மீதி இருபது முகமூடிக்கும், துடைக்கும் சாமானுக்கும்.

"கம்ப்ரஸர்" எனப்படும் அந்த யந்திரத்தில் மூன்று உறுப்புகள் வேண்டும்.

காற்றுத் தொட்டி: சிறியதாக, மூன்று லிட்டர் இருந்தாலும் போதும். தொட்டி இருந்தால் காற்று ஒரே சீராக வரும்.

அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும், அளவு காட்டும் முள்ளும்: பொம்மை வேலைக்குச் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 பவுண்டு அழுத்தம் போதும். மோட்டார் சைக்கிள் டயரில் இருப்பதைவிடக் குறைவு!

நீர் பிடிக்கும் புட்டி: காற்றை அழுத்தினால் அதில் உள்ள ஈரம் தண்ணீராகிறது. ஐப்பசி மழையில் இன்னும் அதிகம். அந்தத் தண்ணீர்ச் சொட்டு பொம்மைமேல் விழுந்தால், பூசிய வண்ணம் பாழ்.

செலவைக் குறைக்க வேறு வழி இல்லையா?

கார் டயரில் காற்று நிரப்பி, அதிலிருந்து குழாய் போட்டு எடுக்கலாம் என்பார்கள். எடுக்கலாம். ஆனால் இரண்டு மூன்று நிமிடத்தில் அழுத்தம் இறங்கிவிடும். மறுபடி பஞ்சர் கடைக்கு ஓட வேண்டும்!

குழலின் அடியிலேயே பேட்டரி யந்திரம் உள்ள வகையும் விற்கிறது. விலை குறைவு. முழுப் பெட்டிக்கும் ஒரே நிறம் அடிக்க உதவும். கனம் அதிகம், காற்று அதிரும். நுண்ணிய வேலைக்கு ஆகாது.

பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரைக் கழற்றி ஒரு தொட்டியில் மாட்டும் வேலை மட்டும் வேண்டாம். பாதுகாப்பு வால்வு இல்லாத தொட்டி வெடிக்கும்.

பார்சல் வந்ததும்...

ஊசியை மெதுவாகப் பின்பக்கமாக உருவுங்கள். அதன் நுனியைக் காகிதத்தின்மேல் லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் நல்லது. கீறினால் நுனி வளைந்திருக்கிறது. வளைந்த ஊசி வண்ணத்தைக் கண்டபடி துப்பும். உடனே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

குழாய் குழலில் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெரும்பாலானவற்றில் 1/8 அங்குல மரை இருக்கும்.

பிறகு கிண்ணத்தில் வெறும் தண்ணீர் ஊற்றி அட்டையில் தெளியுங்கள். ஈரம் வட்டமாக விழ வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தால் மூக்கில் கோளாறு.

வண்ணம் பால் பதமாக இருக்கட்டும். நாலு விரல் தூரத்தில் இருந்து மெல்லியதாகத் தூவுங்கள். ஒரே தடவையில் மூடப் பார்க்காதீர்கள். ஒன்று காய்ந்த பிறகு ஒன்றாக, மூன்று நான்கு தடவை போகட்டும்.

நிறம் மாற்றும்போதெல்லாம் குழலைக் கழுவ வேண்டும். வேலை முடிந்ததும் ஊசியை உருவித் துடைக்க வேண்டும். மலிவுக் குழலைக் கொல்வது அதன் விலை அல்ல. உள்ளே காய்ந்த வண்ணம்தான்! முழுக் குழலையும் தின்னரில் ஊறப் போடாதீர்கள். ரப்பர் வளையங்கள் உப்பிக் கெடும்.

மூச்சு முக்கியம்!

தெளித்த வண்ணம் எல்லாம் பொம்மைமேல் விழுவதில்லை. மீதி காற்றில் மிதக்கிறது. அதைத்தான் நாம் மூச்சில் இழுக்கிறோம்.

ஆகவே, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தையே வாங்குங்கள். அதற்கும் முகமூடி வேண்டும். தின்னர் கலந்த வண்ணத்துக்குத் துணி முகமூடி பயன்படாது. ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும்.

சமையல் அறையிலும், சாமி விளக்கு எரியும் இடத்திலும் தெளிக்காதீர்கள். தின்னர் ஆவி தீப்பிடிக்கும். சன்னலைத் திறந்து வையுங்கள். கைக்குழந்தை பக்கத்தில் வேண்டாம்.

காருக்கு அடிக்கும், "ஹார்டனர்" கலந்த பெயிண்டை வீட்டில் தெளிக்கவே கூடாது. அந்தத் தூசு ஆஸ்துமாவைக் கொண்டுவரும்.

முகமூடிக்குப் பணம் போதவில்லையா? குழல் வாங்குவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வையுங்கள். அதுவரை பிள்ளை தூரிகையாலேயே பூசட்டும். ரெயில் காத்திருக்கும்!