மாம்பழத்தில் கரும்புள்ளி!

பட்டினச்சேரியை அடுத்த காரைக்காலில், ஆனிப் பவுர்ணமியன்று மாங்கனித் திருவிழா. மாடிகளில் இருந்து மாம்பழங்களை வீசுவார்கள்.

பிடித்த பழத்தை இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். தோலில் கரும்புள்ளி!

அது பூசணம். நேற்று வந்ததல்ல. மரத்தில் பூவும் பிஞ்சுமாக இருந்தபோதே ஒட்டிக்கொண்டது. காயில் தூங்கும், பழுத்ததும் விழிக்கும். காயில் உள்ள எதிர்ப்புச் சத்து பழுக்கும்போது குறைந்துவிடுகிறது. அதுவே காரணம்.

வேம்பு, துளசி, பூண்டுச் சாறுகள் பூசணத்தின் வளர்ச்சியைத் தடுப்பதை விஞ்ஞானிகள் சோதனைச்சாலையில் கண்டிருக்கிறார்கள். பூண்டை நசுக்கும்போது உண்டாகும் "அல்லிசின்" பூசணத்தை அடக்குகிறது. நேரம் ஆனால் அதன் வீரியம் போய்விடும். அதோடு, பூண்டு வாடை அடிக்கும் மாம்பழத்தை யார் வாங்குவார்கள்?

சாறு இல்லாமலும் வழி உண்டு. 52 டிகிரி (சென்டிகிரேடு) வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் பழத்தை முக்கி எடுத்து, ஆறவைத்து, ஈரம் போக உலர்த்த வேண்டும். தோலுக்கு அடியில் உள்ள பூசணம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சூடு கூடினால் பழம் வெந்துவிடும்!