விழா பதினேழு நாள், தொழில் வாழ்நாள்

ஒலிம்பிக் பந்தயங்களைப் பற்றிப் பேச்செழுந்தால் மாணவர்கள் ஓட்டக்காரர்களின் பெயர்களை அடுக்குவார்கள். ஓடுகளத்தை அமைத்தவர் யார் என்று கேட்பவர் அரியர். என் வகுப்பில் ஒரு மாணவன் மட்டும், "விளையாடத் தெரியாதவனுக்கு இவ்விழாவால் என்ன பயன், ஐயா?" என்று கேட்டான். அவனுக்கு நான் கூறிய விடையையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

2012-ஆம் ஆண்டுப் பந்தயங்களை நடத்தும் உரிமையை லண்டன் மாநகரம் 2005-இல் பெற்றது. அதற்கெனத் தேர்ந்த இடம், நகரின் கிழக்கே ஸ்டிராட்ஃபோர்டு வட்டாரம். பழைய தொழிற்சாலைகளின் எண்ணெயும் தாரும் ஊறிக் கெட்டுப்போன நிலம் அது. அந்த மண்ணைத் தோண்டி, கழுவித் தூய்மையாக்கி, மீண்டும் பரப்பினார்கள். சுற்றுப்புறத்திலோ வேலையற்றோர் பலர் இருந்தனர்.

வேலை அருகில் வந்துவிட்டால் மட்டும் போதுமா? விழா நாளைத் தள்ளிப்போட இயலாது. ஆகவே, அவசரத்தில் இருக்கும் ஒப்பந்தக்காரர் ஏற்கெனவே தொழில் தெரிந்தவரையே நாடுவார். புதியவனுக்குக் கற்பிக்க அவருக்கு நேரம் ஏது? இதனை உணர்ந்த பொறுப்பாளர்கள், தொழில் பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக்கினார்கள். 350 பேர் என்பது குறிக்கோள். சேர்ந்தவர்களோ 450-க்கும் மேற்பட்டவர்கள். தச்சு, கொத்து வேலை, மின்சாரப் பணி ஆகியவற்றை இளைஞர்கள் ஊதியம் பெற்றுக்கொண்டே பழகினார்கள். மண்வெட்டும் இயந்திரங்களை இயக்கவும் தனிப் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. அப்பெரும் கட்டுமானப் பணியில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை என்பது நாம் போற்றத்தக்க செய்தி.

குறையும் உண்டு, அதனை மறைத்தல் தகாது. காவற்பணிக்காகக் கல்லூரி மாணவர் பலர் பயிற்சி பெற்றனர். எனினும், பொறுப்பேற்ற தனியார் நிறுவனத்தால் வேண்டிய ஆட்களை உரிய காலத்தில் திரட்டித் தர இயலவில்லை. விழாவுக்குச் சில நாட்களே இருந்தபோது, மேலும் 3,500 படைவீரர்களை அரசாங்கம் அழைக்க நேர்ந்தது. பயிற்சி கொடுப்பது ஒரு கடமை. பயின்றவனை உரிய இடத்தில் உரிய நாளில் அமர்த்துவது மற்றொரு கடமை. ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டால், பாதி வழியில் நின்ற வண்டியைப் போலாகும்.

விளையாட்டு விழா பதினேழு நாளில் முடிந்தது. வீரர்கள் தங்கிய குடியிருப்புகளில் சமையலறைகள் அமைந்திருக்கவில்லை. விழாவுக்குப் பின்னரே அவற்றை அமைத்து, மக்கள் வாழும் வீடுகளாக்கினார்கள். அப்போதும் தச்சருக்கு வேலை இருந்தது. குழாய் பொருத்துபவருக்கும் வேலை இருந்தது. நுழைவாயிலில் சீட்டுச் சரிபார்த்தவருக்கோ அன்றோடு வேலை முடிந்தது.

ஆகவே, மாணவ நண்பர்களே, இத்தகைய வாய்ப்பு உங்கள் ஊரைத் தேடி வருமாயின் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கற்கும் தொழில் விழாவுக்குப் பின்னும் தேவைப்படுமா? கிடைக்கும் சான்றிதழைப் பிற இடத்தார் ஏற்பார்களா? வேலை தருவோம் என்ற சொல் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளதா? மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். பதக்கம் ஒரு சிலருக்கே கிட்டும். கைத்தொழிலோ முயன்று கற்ற எவருக்கும் கிட்டும். என் மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுவே.