தோற்காத பிள்ளைகளின் மைதானம்

ஆஸ்லோவில் என் ஏழு வயது மகனின் கால்பந்து ஆட்டம் முடிந்தது. "பாயின்ட் டேபிளில் நம்ம டீம் எத்தனாவது?" என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். சிரித்தார். நார்வே விளையாட்டு விதிப்படி, 11 வயதாகும் ஆண்டு வரை பிள்ளைகளுக்குத் தரவரிசைப் பட்டியலே கிடையாதாம்.

'இப்படி வளர்த்தா பசங்க எப்படிப் போராடுவாங்க?' என்று வீட்டில் புலம்பினேன்.

பிறகுதான் யோஹான் கால்டுங்கைப் படித்தேன். 1959இல் ஆஸ்லோ அமைதி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமான சமூகவியலாளர். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தவர். அடிப்பது மட்டும் வன்முறை அல்ல, ஒருவர் எட்டக்கூடியதை எட்டவிடாமல் தடுக்கும் அமைப்பும் வன்முறைதான் என்று 1969இல் எழுதினார். நாலு வருஷ இன்ஜினியரிங்கில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

படித்ததும் பள்ளி மைதானம்தான் நினைவுக்கு வந்தது. வகுப்பில் ஒருவனை மூன்று வருஷமும் பந்து பொறுக்கிப் போடத்தான் வைத்திருந்தோம். யாரும் அவனை அடிக்கவில்லை. ஆனால் ஒருநாள்கூட அவன் ஆடவில்லை. டீம் பிரித்தவன் நான்தான்.

இப்போதெல்லாம் ஆட்டம் முடிந்து வரும் மகனிடம் 'ஜெயிச்சியா?' என்று கேட்பதில்லை. 'எல்லாரும் ஆடினீங்களாடா?' என்றுதான் கேட்கிறேன்.