பச்சை விரிப்பின் கீழே

தொழிற்கடன் கேட்டு ஒருவர் வங்கிக்கு வந்தால், கடையின் முகப்பழகைக் கண்டு நாங்கள் ஒப்புதல் அளிப்பதில்லை. இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கிறோம், பிணையத்தைச் சரிபார்க்கிறோம். பல ஆண்டுகளாக இப்பணியைச் செய்துவரும் நான், என் வீட்டு முற்றத்தின் விஷயத்தில் முகப்பை மட்டுமே பார்த்து ஏமாந்தேன். அந்த அனுபவம் பிறருக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

பெங்களூருவின் தென்புறத்தில், கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களின் 332 ஏக்கர் நிலத்தில், 1970-களின் இறுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது எலெக்ட்ரானிக் சிட்டி. அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளுள் ஒன்றில் எங்கள் வீடு. பின்புறம் 20 அடிக்கு 20 அடியில் ஒரு முற்றம். அதில் சிறிது புல்தரை. 2024 மார்ச்சில் நகரம் கடும் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் தவித்தபோது, தோட்டத்திற்குக் குடிநீர் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் எனக் குடிநீர் வாரியம் அறிவித்தது. எங்கள் புல் கருகியது. மறுசுழற்சிப் பொருளால் ஆன செயற்கைப் புல் என்ற சொல் அப்போது காதுக்கு இனிமையாக இருந்தது. குறைந்த விலை கூறிய ஒப்பந்தக்காரர் ஒருவர், இரண்டே நாளில் மண்ணைச் சமன்செய்து விரிப்பைப் போட்டுச் சென்றார். அக்டோபர் மழையில் விரிப்பின்கீழ் நீர் தேங்கியது. கால் வைத்த இடமெல்லாம் குழிந்தது. துர்நாற்றமும் கொசுவும் சேர்ந்துகொண்டன. செலவிட்ட தொகை முழுவதும் வீணாயிற்று.

களிமண் செய்யும் வேலை

பிழை புல்லில் இல்லை, மண்ணில் இருந்தது. பெங்களூரு செம்மண் நகரம் என்பது உண்மையே. ஆயினும் மேல்மண்ணுக்குக் கீழே பல இடங்களில் களி மிகுந்த அடுக்கு உண்டு. கட்டடத்திற்கு அடித்தளம் தோண்டும்போது வெளிவரும் அந்தக் களியையே முற்றத்தில் நிரவிவிடுவது வழக்கம். கோவில்பட்டிக் கரிசலில் வளர்ந்தவன் நான். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண் அது. இங்குள்ள களி அந்த அளவுக்கு விரிந்து சுருங்குவதில்லை. எனினும் நீரை உள்வாங்குவதில் இதுவும் மிக மந்தமானது. எங்கள் 400 சதுர அடியில் 50 மி.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 1,850 லிட்டர் நீர் விழும். அது வெளியேற வழி வேண்டும்.

இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முற்றத்தில் ஓரடி ஆழக் குழி தோண்டி, மாலையில் நீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால், விரிப்பைப் பற்றி யோசிக்கும் முன் வடிகாலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடித்தளம் அமைக்கும் முறை

மறு ஆண்டு பிப்ரவரியில், மண் காய்ந்திருந்தபோது, பணியை மீண்டும் தொடங்கினோம். ஈரக் களியை இறுக்கினால் அது சேறாகுமேயன்றித் தளமாகாது. முதலில் ஆறு அங்குலம் மண்ணை அகற்றினோம். 200 கன அடி, அதாவது இரண்டு யூனிட் மண் வெளியேறியது. வீட்டுச் சுவரிலிருந்து விலகிச் செல்லுமாறு, 100 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் சரிவு கொடுத்தோம்; 20 அடிக்கு ஏறத்தாழ இரண்டரை அங்குலம். களியும் ஜல்லியும் கலந்துவிடாதிருக்க ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, அதன்மேல் ஜல்லியை இரு அடுக்குகளாகக் கொட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்கினோம். மேலே மெல்லிய எம்-சாண்ட் பரப்பு, அதன்மேல்தான் புல்.

தாழ்ந்த ஓரத்தில் துளையிட்ட குழாய் பதித்து, மழைநீர் உறிஞ்சுகிணற்றுடன் இணைத்தோம். உறிஞ்சுகிணறு களி அடுக்கைக் கடந்து கீழே செல்ல வேண்டும். ஆழமற்ற குழி மற்றொரு தொட்டியாகவே நிற்கும். பெங்களூருவில் தலைமுறைகளாகக் கிணறு தோண்டிவரும் மண்ணு வட்டர் சமூகத்தினர் இப்பணியில் தேர்ந்தவர்கள்.

எது மறுசுழற்சி?

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைப் புல்லில் ஆடப்பட்டது. அதன் பிறகு இத்தொழில் பெரிதும் வளர்ந்துள்ளது. இருப்பினும் புல்லிதழ் பெரும்பாலும் புதிய பாலிஎத்திலீனால் ஆனதே. பழைய டயரை அரைத்த ரப்பர்த் துகள், அடிமெத்தை, பின்புறத் துணி போன்றவையே மறுசுழற்சிப் பொருளாக இருப்பது வழக்கம். ஆகவே, எந்தப் பகுதி, எத்தனை விழுக்காடு என எழுத்தில் கேளுங்கள். நுண்நெகிழி பரவுவதால், நிரப்பியாகப் பயன்படும் இத்தகைய துகள்களின் விற்பனையை 2031 முதல் நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி வகுத்தது. வீட்டு முற்றத்திற்குக் கழுவிய மணலே போதும்.

குறைகளையும் மறைக்கலாகாது. கடும் வெயிலில் இப்பரப்பின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். குழந்தைகள் வெறுங்காலில் ஆடும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். மரத்தடியை மூடக் கூடாது. நாங்கள் வேப்பமரத்தைச் சுற்றி மூன்றடி மண்ணை அப்படியே விட்டுள்ளோம்.

பணம் கொடுக்கும் முன்

விலைப்புள்ளியை ஒரே தொகையாக ஏற்காதீர்கள். மண் அகற்றல், ஜல்லி, வடிகால், விரிப்பு, கூலி எனப் பிரித்துக் கேளுங்கள். அடித்தளத்திற்கான வரியே இல்லாத விலைப்புள்ளி, பிணையம் இல்லாத கடன் போன்றது. உத்தரவாதம் நிறம் மங்குவதற்கு மட்டுமா, தளம் இறங்குவதற்கும் உண்டா என்று பாருங்கள். தொகையின் ஒரு பகுதியை முதல் பெருமழைக்குப் பின் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கடன் வாங்கியே ஆக வேண்டுமெனில், உத்தரவாதக் காலம் முடியுமுன் தவணை முடியுமாறு திட்டமிடுங்கள். கடன் அட்டையைத் தவிர்த்துவிடுங்கள்.

சென்ற அக்டோபரில் இரவு முழுவதும் மழை கொட்டியது. விடிந்ததும் மனைவி முற்றத்திற்குச் சென்று பார்த்தார். விரிப்பு சமமாகக் கிடந்தது. நீர் கிணற்றுக்குள் இறங்கும் ஓசை மட்டும் கேட்டது. இரண்டாம் முறை நாங்கள் செலவிட்டதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கிறது.